முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்

போடி பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து என் போனுக்கு வரும் ஈப் படங்களில் முக்கால்வாசி முதுகுப் படங்கள்தான். அனுப்புவது தங்கச்சி மகன். போடி என்றாலே ஏலக்காய் வாசனைதான் ஞாபகத்துக்கு வரும். அவனோ போடி மெட்டுக்குக் கீழே மல்பெரி போட்டு, வெண்பட்டுப் புழு வளர்க்கிறான். ஜன்னல் வலையில் ஒட்டியிருக்கும் ஈ, பொறித் தண்ணீரில் மிதக்கும் ஈ என்று வரிசையாக வரும். கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, இது ஆணா, பொட்டையா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈயில் கேடு செய்வது பெண் மட்டும்தான். நான்காம், ஐந்தாம் பருவப் புழுவாகப் பார்த்து உட்கார்ந்து, தோலின் மேல் ஒன்றிரண்டு முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். குண்டூசித் தலையளவு, பால் வெள்ளை. சில நாளில் முட்டை பொரிந்து, ஈயின் குட்டிப்புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போன இடத்தில் கருந்தழும்பு மட்டும் நிற்கும். ஒரு வாரம் உள்ளேயே தின்று கொழுத்தபின் வெளியே வரும். அதற்குள் பட்டுப்புழு கூடு கட்டியிருந்தால் கூட்டையே ஓட்டை போட்டுக்கொண்டு வரும். ஓட்டைக் கூட்டில் நூல் இழுபடாது. ஒரு பெண் ஈ தன் ஆயுளில் முந்நூறிலிருந்து ஆயிரம் முட்டை வரை இடும் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இது நம் ஊர்ப் பூச்சியும் இல்லை. வங்காளத்தில் வெகுகாலமாக இருந்தது. லூயி என்பவர் 1880-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1980-இல், அங்கிருந்து வந்த விதைக் கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்தது. பிறகு தமிழ்நாட்டுக்கு வர எத்தனை நாள் ஆகும்?

முதுகுப் படத்தில் என்ன தெரியும்? மார்பின் மேல் நாலு கருங்கோடு. பலரும் அதைப் பார்த்ததுமே "ஊசி ஈ" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டு ஈக்கும் அதே நாலு கோடு உண்டு. ஊசி ஈ அதைவிடப் பெரிசு. வயிற்றில் முள் முள்ளாக மயிர் நிற்கும். வயிறு மொழுமொழுவென்று இருந்தால் அது டீக்கடை ஈ, விட்டுவிடலாம்.

ஆண் சற்று நீளம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நேரில் நாலைந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது உதவும். படத்தில் உதவாது. ஒரே புழுவுக்குள் இரண்டு மூன்று வளர்ந்தால் சாப்பாடு போதாமல் எல்லாமே குட்டையாகத்தான் வரும். பக்கத்தில் ஒரு ஸ்கேல்கூட வைக்காமல் எடுத்த படத்தில் நீளம் பேசுவது வீண் வேலை.

ஆகவே நான் கேட்பது முகம். வீட்டு ஈயில் ஆணின் கண்கள் நெற்றியில் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும், பெண்ணுக்கு விலகி நிற்கும்; அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கண் இடைவெளியையே பார்க்கிறோம். ஊசி ஈயில் அந்த வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. பார்க்க வேண்டியது கண்ணை ஒட்டிய மயிர். பெண்ணுக்கு நெற்றியின் இருபுறமும், கண்ணோரத்தில், முன்பக்கமாகச் சாய்ந்த தடித்த மயிர் இரண்டிரண்டு இருக்கும். ஆணுக்கு அவை இருக்காது. சந்தேகம் தீரவில்லையா, முன்னங்கால் நுனிக்குப் போங்கள்: ஆணின் நகம் நீளம், பெண்ணுடையது குட்டை. வயிற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஆணின் நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருப்பதும் தெரியும்.

எடுக்கிற முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீரில் கிடந்த ஈயின் மயிர் படிந்து போயிருக்கும். காகிதத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். வெள்ளைத் தாள், காலை வெளிச்சம், போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ். நேர் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்திப் போட்டு ஒன்று. பிளாஷ் வேண்டாம், கண் மினுங்கி மயிரை மறைத்துவிடும்.

போன மழையில் அவன் அப்படி எடுத்து அனுப்பினான். ஜன்னல் வலைக்கு வெளியே வைத்த பொறித் தட்டில் விழுந்தவை அத்தனையும் பெண். புழுவைத் தேடி வருவது அதுதானே, ஆச்சரியமில்லை. புழு வளர்ப்பு மனைக்குள் வைத்த தட்டில்தான் ஆண் ஈக்கள் கிடந்தன. புழுவிடம் ஆணுக்கு வேலையே இல்லை. வலையைத் தாண்டி உள்ளே வர அதற்கு என்ன தேவை? உள்ளேயே பிறந்திருக்கும் என்பது என் கணிப்பு. பட்டுப்புழுவைவிட்டு இறங்கிய ஈயின் குட்டிப்புழுக்கள் தரை வெடிப்பிலும் மூலை மண்ணிலும் கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியேறும்.

"வலையை இன்னும் நெருக்கமா மாத்தவா மாமா?" என்றான்.

"வலை இருக்கட்டும்டா. தாங்கிக்கு அடியில தரையைப் பாரு."

மூலையில் கூட்டிக் குவித்திருந்த பழைய படுக்கைக் கழிவில், நெல்மணி மாதிரி செம்பழுப்பாக ஈயின் கூட்டுப்புழு ஒரு கைப்பிடி கிடைத்தது. அதை எரித்துவிட்டு, வெடிப்புகளைச் சிமெண்டால் பூசச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முட்டைத் தொகுதி இறக்குவதற்குள் முடிப்பதாகச் சொன்னான்.