பலகைதானே என்று சொல்லாதீர்கள்

காவாந்தண்டலத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் ஃப்ளெக்ஸ். சிவப்பு வெளிறி, ஓரம் கிழிந்து, காற்றில் படபடக்கிறது. அதே உத்திரமேரூரில்தான் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921இல் வெட்டியது. இன்றைக்கும் படிக்கலாம். எழுத்தை மதித்த ஊருக்கு இந்தக் கதி.

கண்ணாடியில் தங்க எழுத்துப் பலகை என்று ஒன்று இருந்தது. இளைய தலைமுறைக்குத் தெரியாது. கண்ணாடியின் பின்பக்கம் ஜெலட்டின் கரைத்த நீரைத் தடவி, தங்க ரேக்கை ஒட்டுவார்கள். காய்ந்ததும் அதன் மேல் எழுத்தை இடம் வலம் மாற்றி வண்ணத்தில் எழுதி, மிச்சத் தங்கத்தைத் துடைத்தெடுப்பார்கள். பின்னணி வண்ணம் கடைசியில். ‘ப’ பரவாயில்லை, திருப்பினாலும் ‘ப’தான். ‘கே’ எழுதிப் பாருங்கள், கொம்பு வலப்பக்கம் போய்விடும். அப்படி ஒரு முழுப் பெயரையும் பிசகாமல் எழுதிய கைகள் அவை.

“விலை அதிகம் சார்” என்கிறார்கள். தங்க ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காசு தங்கத்துக்கு இல்லை, கைக்கு. சில வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளெக்ஸ் மாற்றுகிற செலவை யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா?

“கண்ணாடி உடையுமே?” தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களும் இதே முறைதான்: கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். நூறு வருஷம் தாண்டியவை செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் தொங்குகின்றன.

“இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?” இங்கிலாந்தில் டேவிட் ஏட்ரியன் ஸ்மித் என்பவர் இதையே தொழிலாகச் செய்கிறார். 2012இல் ஜான் மேயர் என்ற அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டு அட்டையை வடிவமைத்தவர் அவர்தான். அங்கே கேட்கிற ஆள் இருக்கிறான், தொழில் இருக்கிறது. இங்கே கேட்கிறவன் இல்லாமல் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். தொழில் தானாகச் சாகவில்லை, நாம்தான் கைவிட்டோம்.

கடை திறக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் ஃப்ளெக்ஸ் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடிப் பலகை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பழையது கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பின்பக்கம் ஈரத்துணியும் வைக்காதீர்கள். எழுத்து அங்கேதான் இருக்கிறது.