செய்கை எங்கே?

கணக்கில் விடையை மட்டும் எழுதும் பிள்ளையிடம் 'செய்கை எங்கே?' என்று கேட்கிறோம். அரசிடம் கேட்கக் கூடாதா?

கொவிட் ஜனாஸாக்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியது. ஏப்ரல் 11இல் நமது அரசு தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடுமாம்! டிசம்பரில் 20 நாள் சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

மன்னிப்பு மட்டும் போதாது. மையித்தை எரிப்பார்களென அஞ்சுபவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்த நோயே ஊரெங்கும் பரவும். தொட்டாலே தொற்றும் எபோலா மையித்தைக்கூட, 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் மதத் தலைவர்களோடு பேசிக் கண்ணியமாக அடக்க வழி கண்டார்கள்.

அடுத்த கொள்ளைநோய் வருமுன் சட்டமொன்று வேண்டும்: நிபுணர் குழு தன் காரணங்களைப் பகிரங்கப்படுத்தாமல் எந்த விதியும் வர்த்தமானிக்குப் போகக் கூடாது. செய்கையைக் காட்டட்டும், விடையை ஏற்போம்.