படியும் எடையும்

மேலைநாட்டுச் சமையல் குறிப்புகளைத் தமிழில் தருகிறவர்கள் 'துருவிய சீஸ் ஒரு கப்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கடையிலோ சீஸ் 200 கிராம் கட்டியாகக் கிடைக்கிறது. 240 மில்லி கொள்ளும் கப்பில் செடார் சீஸைத் துருவி நிரப்பினால் ஏறத்தாழ 110 கிராம். சிறு சதுரங்களாக நறுக்கிப் போட்டால் 130 கிராம். இடைவெளியின்றி அழுத்தி அடைத்தால் 250 கிராமைத் தாண்டும். கப் ஒன்றுதான், உள்ளிருக்கும் காற்றுதான் வேறுபடுகிறது.

நம்மிடம் இதே சிக்கல் உப்பில் இருக்கிறது. எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களை அறிந்த வடசென்னைக்காரர்களுக்கு உப்பு என்றால் நெடுங்காலம் கல்லுப்புதான். கற்களுக்கிடையே காற்று நிற்கும்; தூள் உப்பில் அவ்வளவு நிற்காது. கல்லுப்பை மனத்தில் வைத்துச் சொன்ன 'ஆழாக்கு உப்பு' என்ற குறிப்பை இன்று தூள் உப்பால் அளந்தால் ஊறுகாய் வாயில் வைக்க விளங்காது. பயந்து கண்மதிப்பாகக் குறைத்தாலோ ஊறுகாயும் கருவாடும் கெட்டுப்போகும்.

இதனால் முகத்தலளவையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இது விகிதத்தின் மொழி. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுகிறவளுக்கு எந்தப் பாத்திரமானாலும் ஒன்றுதான். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் வாக்குக் கேட்டது. வென்றபின் அவ்வாண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கியது. மக்களின் மனக்கணக்கு அப்போதும் படியில்தான் இருந்தது.

சமையல் குறிப்பு வீட்டைவிட்டு வெளியேறும்போதுதான் இடர். படி ஊருக்கு ஊர் வேறு. 'பட்டணம் படி' என்று தனிப்பெயரே உண்டு. ஒரு வீட்டு ஆழாக்கு பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டால், அதை நம்பி எழுதிய நோட்டுப் புத்தகமும் பாதி ஊமையாகிவிடுகிறது.

கைப்பக்குவத்தைத் தராசில் நிறுக்க முடியாது என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைப்பக்குவம் என்பது ஒரு கைக்கு உரியது. அந்தக் கை ஓய்ந்தபின் பிறருக்கு மிஞ்சுவது அளவு மட்டுமே. எல்லாப் பொருளுக்கும் பொதுவான மாற்றுப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதாலும் பயனில்லை. பாத்திரம் எத்தனை மில்லி, தலைதட்டி அளந்ததா குவித்து அளந்ததா, பொருள் கல்லா தூளா துருவலா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கிராம் கணக்குக்குப் பொருள் உண்டு.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் தம் வீட்டு ஆழாக்கை இன்னும் கையில் வைத்திருக்கும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஊறுகாய் போடும் நாளில் பக்கத்தில் ஒரு சிறு தராசோடு உட்கார்ந்து, அவர்கள் அளந்து கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். அவர்களுடைய சொல்லை அப்படியே இருக்க விட்டு, பக்கத்தில் கிராமை எழுதினால் போதும்.