கிறவலுக்குள் கிடந்த ஓடு

பழம்பொருள்களைக் காண விரும்புவோர் கொழும்புக்குச் செல்வர்; அங்கே 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய நூதனசாலை உண்டு. யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலும் ஒரு நூதனசாலை உண்டு. கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, வயலும் காடும் சூழ்ந்த அக்கராயனில் காண்பதற்கு என்ன உண்டு என்று வாசகர் வினவலாம். பெருங்குளம் ஒன்று உண்டு. அக்கராயன் என்னும் சிற்றரசன் பெயரால் ஊர் வழங்குகின்றது என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு.

சென்ற விடுமுறையில் நாம் அக்குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தபோது, பாடசாலைச் சிறுவன் ஒருவன் மட்பாண்டத் துண்டு ஒன்றை எம்மிடம் நீட்டினான். உட்புறம் கருமை, வெளிப்புறம் செம்மை. பண்டைக் குயவர் கலத்தைக் கவிழ்த்துச் சுட்டமையால், காற்றுப் படாத உட்புறம் கறுத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் அமைந்தன என்பர் அறிஞர்.

"ஐயா, இது எந்தக் காலத்துச் சாமான்?" என்றான்.

"தம்பி, எங்கே எடுத்தாய்?" என்றோம்.

"றோட்டுக்குப் பறிச்ச கிறவலுக்குள்ள கிடந்தது."

அந்தக் கிறவல் எங்கே வெட்டப்பட்டது என்பதை அவன் அறியான். நாம் விடை கூற இயலாது நின்றோம்.

பழம்பொருளின் பெறுமதியிற் பாதி, அது கிடந்த இடத்திலேயே இருக்கின்றது. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. பழைய ஈமப் புதைகுழியொன்றிலே கிடைத்தமையால் அது வரலாறாயிற்று. கடைத்தெருவில் கிடைத்திருப்பின் வெறும் விந்தைப் பொருளாய் முடிந்திருக்கும். அக்கராயனுக்கு வடமேற்கே, பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த ஆய்வு 1993இல் நூலாக வெளிவந்தது. அங்கும் எந்த ஊரில் எது கிடைத்தது என்ற குறிப்பே ஆய்வுக்கு அடித்தளம்.

கிறவலுக்கோ இன்னொரு சிறப்புண்டு. அக்கராயனுக்குக் கிழக்கேயுள்ள இரணைமடுவின் பெயரை உலக நிலநூலார் அறிவர். அடியிற் பரற்கல்லும் மேலே செம்மணலுமாக அமைந்த படிவுகளுக்கு 'இரணைமடு அமைப்பு' என்றே பெயரிட்டுள்ளனர். தென்கரையில் புந்தலப் பகுதியில் இவ்வகைப் படிவிற் கிடைத்த கற்கருவிகள் ஏறக்குறைய 1,25,000 ஆண்டுப் பழைமையுடையன என எஸ். யு. தெரணியகல கணித்தார். அக்காலக் கணக்கைக் கூறியது கருவியன்று. அதனைச் சூழ்ந்த மண்ணே. மண்ணை வாரி வண்டியில் ஏற்றிவிட்டால், சாட்சி சொல்வார் யார்?

வீதியும் வேண்டும், குளக்கட்டும் உயரவேண்டும், அதனை மறுப்பாரில்லை. வெட்டுமுன் ஒருமுறை கூர்ந்து பார்த்தல் ஆகாதோ? மாணவர்களே, வயலிலோ பற்றைக்காட்டிலோ பழைய ஓடு தென்பட்டால் அதனைக் கிளறாதீர்கள். அனுமதியின்றி அகழ்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் தடுக்கின்றது. இடத்தையும் நாளையும் குறித்து, ஆசிரியருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். நூதனசாலை இல்லாத ஊரில் நிலமே நூதனசாலை. அதற்குக் காவலர் நீங்களே.

"அப்ப இதை எறியிறதோ, ஐயா?" என்று சிறுவன் வாட்டத்துடன் கேட்டான்.

"வேண்டாம், தம்பி. ஆசிரியரிடம் கொடு. 'இடம் தெரியாது' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வை" என்றோம்.

அடுத்த ஓட்டையேனும் அந்த இரண்டு சொற்கள் காப்பாற்றட்டும்.