தாலியும் தேதியும்

“அக்கினி சாட்சியாக விழுந்த முடிச்சு! அதை அவிழ்க்க நீதிமன்றத்துக்கு ஏது அதிகாரம்?” என்று கேட்கின்றனர் சனாதனச் சிங்கங்கள். கேட்கட்டும். நாமும் ஒன்று கேட்போம்: முடிச்சு விழுந்த அன்று அந்தப் பெண்ணுக்கு வயதென்ன?

பதில் வராது. பொருத்தம் பார்த்தவருக்கு அவளுடைய நட்சத்திரம் தெரியும், இராசி தெரியும், செவ்வாய் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதும் தெரியும். பத்தாம் வகுப்பில் படிக்கிறாளா, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாளா என்பது மட்டும் தெரியாது! தெரிந்ததாக ஒப்புக்கொண்டால் சிறை என்பது தெரியுமாதலால் அது தெரியாது!

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வாருங்கள், தோழர்களே! இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் பிறக்கின்றன. ஒரகடத்தில் லாரிகள் பிறக்கின்றன. சுற்றுப்புறத்து ஆலைகளில் உலகெங்கும் செல்லும் கைப்பேசிகள் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் விரல்களில் பெரும்பாலானவை இளம்பெண்களின் விரல்கள். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பதினெட்டு நிறைந்ததும் வடமாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் இங்கே வந்து சேரும் பெண்கள் எத்தனை எத்தனை பேர்! அவர்களிலே சிலர், பதினாறிலோ பதினேழிலோ முறைமாமனுக்கோ முன்பின் அறியாதவனுக்கோ கட்டிவைக்கப்பட்டு, அந்தக் கயிற்றை உடைக்குள் மறைத்துக்கொண்டு ஆலை வாயிலைக் கடப்பவர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுடைய பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். எட்டில் ஒருத்தி! பெரியார் பிறந்த மண்ணில்!

திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். குரு மறைத்துவைக்கச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊருக்கே உரைத்தார் என்று அவரைப் பற்றி வைணவர் சொல்லி மகிழ்வர். கதையோ நிகழ்ச்சியோ, அது கிடக்கட்டும். இன்று அவ்வூர்ப் பெண்களுக்கு ஒரு சட்டப் பிரிவு மறைபொருளாகக் கிடக்கிறது. அதைக் கோபுரமேறிக் கூவ வேண்டியவர் நாமன்றோ?

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அது. மணநாளில் குழந்தையாக இருந்தவர் விரும்பினால், அத்திருமணத்தைச் செல்லாததென அறிவிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அதுவே அந்நீதிமன்றம். மனுச் செய்யும் உரிமை அவருக்கே. பெற்றோருக்கில்லை, கணவன் வீட்டாருக்கில்லை. பதினெட்டு ஆகாதவள் காப்பாளர் அல்லது நெருங்கிய நண்பர் வாயிலாக, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலருடன் சேர்ந்து செல்ல வேண்டும். பதினெட்டு நிறைந்தவள் தானே செல்லலாம். ஆனால் வயதுக்கு வந்து ஈராண்டு நிறைவதற்குள், அதாவது இருபது வயது நிறைவதற்குள், மனு நீதிமன்றத்தை அடைந்தாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தக் கதவு அடைபட்டுவிடும். பிறகு மணவிலக்குத்தான் வழி. கொடுமை செய்தான், கைவிட்டான் என்று குற்றங்களை ஒவ்வொன்றாக மெய்ப்பிக்க வேண்டும். அல்லது அவனும் இசைந்து வந்து கையொப்பமிட வேண்டும்.

மூன்றாம் பிரிவில் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. அவன் நல்லவனா, தீயவனா என்ற விசாரணையே வேண்டா. மணம் நடந்தது, நடந்த அன்று எனக்கு வயது நிறையவில்லை, எனக்கு அது வேண்டா. இம்மூன்றே போதும். பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ வயதைச் சொல்லும். அழைப்பிதழும் நிழற்படமும் மணநாளைச் சொல்லும். இதிலொரு வேடிக்கை காணீர்! பதினெட்டு நிறைந்தவள் என்று காட்டுவதற்காக ஆலை வாயிலில் அவள் நீட்டினாளே மதிப்பெண் பட்டியல், அதே தாள்தான் மணநாளில் அவள் குழந்தை என்பதற்கும் சான்று!

இக்கதவு எளிதில் திறந்ததன்று. பம்பாயில் ருக்மாபாய் பதினோராம் வயதில் மணம் முடிக்கப்பட்டார். கணவனுடன் வாழ மறுத்தார். அவன் 1884இல் வழக்குத் தொடுத்தான். போய் வாழ், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றது 1887ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிறைக்கே போகிறேன் என்றார் அந்த வீராங்கனை! பணம் கொடுத்துத்தான் 1888இல் அவ்வழக்கு தீர்ந்தது; பிறகு இலண்டன் சென்று மருத்துவராகத் திரும்பினார். 1929இல் வந்தது சாரதா சட்டம். குழந்தை மணம் செய்விப்போருக்குத் தண்டனை என்றது. மணம் மட்டும் செல்லும் என்று விட்டுவிட்டது. திருடனுக்கு அபராதம், திருட்டுப் பொருள் திருடனுக்கே! அதே 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டுமென்றும், பிடிக்காத மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தது. திருப்பெரும்புதூர் அன்று அம்மாவட்டத்து ஊர். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ, மணவயதை ஐந்தாம் பிரிவில் விதித்துவிட்டு, மணம் செல்லாமற்போகும் காரணங்களைக் கூறும் 11, 12ஆம் பிரிவுகளில் வயதுக் குறைவைச் சேர்க்கவே இல்லை.

அது மட்டுமா? 1934இல், வயது வந்த ஆணும் பெண்ணும் மனமொப்பிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணத்தை 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. என்ன குறை கண்டது? இசைவு இல்லையா? இருந்தது. வயது இல்லையா? இருந்தது. புகை இல்லை, தோழர்களே, புகை இல்லை! சாத்திரச் சடங்கு இல்லை என்பதால் இல்வாழ்வே இல்லை என்றாயிற்று. இசைவுள்ள மணம் நெருப்பின்றி அணைந்தது. இசைவற்ற குழந்தை மணம் நெருப்பின் பெயரால் நிலைத்தது! அண்ணா ஆட்சிக்கு வந்ததும், 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7ஏ பிரிவைச் சேர்த்து, பழைய சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. அத்திருமணம் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதை 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. மணத்தின் உயிர் இசைவு என்று நாம் வென்றோம். அதன் மறுபக்கமும் நம் பொறுப்பல்லவா? இசைவின்றிக் கட்டியது எப்படி மணமாகும்? கர்நாடகம் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குழந்தை மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதென்று விதித்துவிட்டது. 7ஏ தந்த சட்டமன்றத்துக்கு அது கைவராத காரியமா?

“அறுத்துக்கட்டச் சொல்கிறீர்களா?” என்று சீறுவர் சிலர். அறுத்துக்கட்டுதல் என்ற வழக்கே நம் உழைக்கும் சாதிகள் பலவற்றில் இருந்ததுதான். மேற்சாதியாரைப் பார்த்துப் போலி செய்யத் தொடங்கிய பிறகே அது இழிவாயிற்று. “பிள்ளை பிறந்துவிட்டதே, அதன் கதி?” என்பர். மணம் செல்லாதெனத் தீர்ப்பானாலும் பிள்ளை சட்டப்படி பிறந்த பிள்ளையே என்கிறது ஆறாம் பிரிவு. “சீர் செய்த பணம் போயிற்றே!” என்று உள்ளபடியே உருகுவோரும் உளர். கவலை வேண்டா, இரு தரப்பும் பெற்ற பணமும் நகையும் பரிசும் திரும்பத் தரப்பட வேண்டுமென ஆணையிடும் பிரிவும் உண்டு. பெண் மறுமணம் செய்துகொள்ளும் வரை வாழ்க்கைப் பொருள் தரவும் ஆணையிடலாம்.

சனாதனியை மட்டும் சாடிவிட்டு நாம் தப்ப முடியாது. மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, மகள் யாரையோ பார்த்துச் சிரித்தாள் என்றதும் அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடுகிற நம்மவர் வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். புரோகிதர் வரவில்லை, மாலை மாற்றினோம் என்பது அங்கே சமாதானம்! பதினாறு வயதுப் பெண்ணுக்கு யார் தலைமை தாங்கி நடத்தினாலும் குற்றம் குற்றமே.

ஆலைகளும் கைகழுவ இயலாது. திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்பட்டனர் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது; ஒன்றிய அரசு தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. வாயிலில் அப்படியொரு அச்சம் நிலவினால் என்ன ஆகும்? மணமாகவில்லை என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்த பெண், அந்த மணத்தை நீக்கக் கோரி வாய் திறப்பாளா? வேலை போய்விடுமோ என்று அஞ்சியே நாட்களைக் கழிப்பாள், இருபதும் நிறைந்துவிடும்.

பதினெட்டு நிறைந்தபின் மிரட்டி மணம் முடிக்கப்பட்டவளுக்கும் வழியுண்டு. இந்துத் திருமணச் சட்டம் பன்னிரண்டாம் பிரிவின்படி, வன்முறையாலோ வஞ்சனையாலோ பெறப்பட்ட இசைவு இசைவாகாது. ஆனால் வன்முறை ஓய்ந்தோ வஞ்சனை வெளிப்பட்டோ ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்; அதன்பின் முழுமனதோடு கணவனுடன் வாழ்ந்திருக்கக் கூடாது.

குழந்தை மணத்தை நீக்கக் கோரும் பெண் சொந்த ஊருக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. மனுச் செய்யும் நாளில் எங்கே தங்கியிருக்கிறாளோ, அவ்விடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்கிறது எட்டாம் பிரிவு. விடுதி வல்லம் வடகாலில் என்றால் நீதிமன்றம் காஞ்சிபுரம் மாவட்டத்தினுடையது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்க வேண்டும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆலையிலும் விடுதியிலும் தொழிற்சங்கத்திலும் உள்ள தோழியர், பக்கத்துப் படுக்கைக்காரியின் பிறந்த தேதியையும் மணநாளையும் பக்குவமாகக் கேட்டறியட்டும். இருபது நிறைய ஒரு வாரமே எஞ்சியிருந்தாலும் மனுச் செய்யலாம். தீர்ப்பு பிறகு வரட்டும்.