கனவு காணச் சொன்னோம், கணக்குச் சொன்னோமா?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் பரிசளிப்பு விழாக்கள் களைகட்டத் தொடங்கிவிடுகின்றன. பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, கேடயம், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட பேச்சாளர் என எதற்கும் குறைவில்லை. பெரிதாகக் கனவு காணுங்கள், உங்கள் இலட்சியத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்று அவர் முழங்குகிறார். கைதட்டல் ஓய்கிறது, பிரியாணிப் பொட்டலம் கைக்கு வருகிறது, கூட்டம் கலைகிறது. மறுநாள் காலை அம்மாணவன் எந்தச் சான்றிதழுக்காக எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயன் குறைவுதான். பொறியியல் கல்லூரிக்கும் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் பெறுவது பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கி ஜூனில் முடிந்துவிடுகிறது. நாமோ கதவு சாத்தப்பட்ட பின்னர் வாசலில் நின்று வாழ்த்துப்பா பாடிக்கொண்டிருக்கிறோம்.

இதனைக் கல்விப் பணி என்று அழைப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை.

எந்த ஊரிலும் இது குறைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் போன்ற ஊர்களில் இது பெருங்கேடாக முடியக்கூடியது. ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டை, மறுபுறம் சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம். மகிழுந்தும் கைப்பேசியும் கண்ணாடியும் உருவாகும் வட்டாரம் இது. தொழிற்சாலைப் பேருந்து தெருமுனைக்கே வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு அடுத்த மாதமே சம்பளம் கிடைக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது. அக்காளின் திருமணம் இருக்கிறது. இந்நிலையில் சுவரில் ஒட்டிய தாள் அப்பேருந்தை எதிர்த்து எத்தனை நாள் நிற்கும்?

தொழிற்சாலைகளை நாம் பழிக்கவில்லை. உழைத்து உண்பதில் இழிவு ஏது? நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அத்தொழிற்சாலைகளுக்குத் தங்கள் குறிக்கோள் இன்னதென்று தெளிவாகத் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் விடுதி. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை ஆள் வேண்டும், இந்நாளில் வேண்டும், இத்தனை படுக்கை வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிற்குள் சென்று அமரப்போகும் நம் பிள்ளையிடம் தன்னைப் பற்றிய கணக்கு ஏதேனும் உண்டா? எத்தனை ஆண்டு அங்கே வேலை செய்வது, சம்பளத்தில் எவ்வளவு படிப்பிற்கென ஒதுக்குவது, பின்னர் எங்கே செல்வது என்பனவற்றை வீட்டில் எவரேனும் உட்கார்ந்து பேசியதுண்டா?

பேசாமல் இருந்தால் என்ன நேரும் என்பதை இவ்வட்டாரம் ஒருமுறை கண்டுவிட்டது. 2006-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் நாள் மூடப்பட்டது. அதற்கு உதிரிபாகம் செய்த பாக்ஸ்கான் ஆலையும் அவ்வாண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கே சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் மிகப் பலர் இளம் பெண்கள், இருபத்தைந்து வயதில் மீண்டும் முதற்படியில் வந்து நின்றனர். ஆலைகள் பின்னர் திரும்பி வந்தன. வேறு பெயர்களிலும் வந்தன. அவை வேண்டியதோ மீண்டும் பதினெட்டு வயதுக்காரர்களை. ‘ஆலையில் சேர்வது’ ஒன்றையே இலட்சியமாகக் கொண்டவனுக்கு, சேர்ந்த அன்றே இலட்சியம் தீர்ந்துவிடுகிறது.

இனி, மேடைப் பேச்சாளர்கள் மறவாமல் எடுத்துரைக்கும் ஒரு கதையைப் பார்ப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்றவர்களுள் நூற்றுக்கு மூவர் மட்டுமே தம் குறிக்கோளை எழுதி வைத்திருந்தனராம். இருபது ஆண்டுகள் கழிந்து பார்த்தபோது, அம்மூவரின் செல்வம் எஞ்சிய தொண்ணூற்றேழு பேரின் செல்வத்தை விஞ்சி நின்றதாம். சிலர் யேலை எடுத்துவிட்டு ஹார்வர்டு என்பர், ஆண்டையும் மாற்றிக்கொள்வர். 1996-இல் ஃபாஸ்ட் கம்பெனி என்னும் அமெரிக்க வணிக இதழ் இக்கதையின் வேரைத் தேடிச் சென்றது. அப்படியோர் ஆய்வு நடந்ததற்கான தடயமே அகப்படவில்லை. நடக்காத ஆய்வைச் சொல்லி நம் பிள்ளைகளின் கைதட்டலைப் பெறுகிறார்கள்.

நடந்த ஆய்வுகள் இல்லாமலில்லை. அவை மேடைக்குத்தான் ஏறுவதில்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து 1990-இல் நூலாக வெளியிட்ட முடிவு இது: ‘இயன்றதைச் செய்’ என்பதைவிட, இன்னதென வரையறுத்த, சற்றுக் கடினமான குறிக்கோளே ஒருவனைக் கூடுதலாகச் செயற்பட வைக்கிறது. ஆயினும் அக்குறிக்கோளை அவன் தன்னுடையதாக ஏற்றிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதும் அவனுக்கு அவ்வப்போது தெரிய வேண்டும்.

ஜெர்மனியில் கேப்ரியலே எட்டிங்கனும் டோரிஸ் மேயரும் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பட்டம் பெற்று வேலை தேடும் இளைஞர்களை அவர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இன்பக் கனவு கண்டவர்களே குறைவாக விண்ணப்பித்திருந்தனர். குறைந்த சம்பளமும் பெற்றிருந்தனர். கனவு, கண்டவனுக்கு வெற்றியின் சுவையை முன்கூட்டியே ஊட்டிப் பசியைத் தணித்துவிடுகிறது போலும்!

அவர்கள் நாட்டிலேயே கோல்விட்சரும் பிராண்ட்ஷ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், விடுமுறை நாளைப் பற்றி இரண்டு நாளுக்குள் ஒரு கட்டுரை எழுதியனுப்ப மாணவர்களிடம் கேட்டனர். எந்நேரத்தில், எந்த இடத்தில் அமர்ந்து எழுதப்போகிறேன் என்று முன்னரே குறித்துக்கொண்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினர். குறிக்காதவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர்.

இதைக் கேட்டு நாம் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நிய்யத்து என்பது நமக்குப் புதிதா? ரமலான் இரவில் நிய்யத்து வைக்கும்போது எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நோன்பு, நாளைக்கு என்பன அனைத்தையும் சொல்லித்தானே வைக்கிறோம்? ‘என்றேனும் நோன்பு பிடிப்பேன்’ என்று எவரும் நிய்யத்து வைப்பதில்லை. வழிபாட்டில் இத்துணைத் திட்டமாக இருக்கப் பழகிய சமுதாயம், பிள்ளையின் படிப்பென்று வந்ததும் ‘பெரிய ஆளாக வர வேண்டும்’ என்னும் ஒரு வரியோடு நின்றுவிடுவதுதான் விளங்கவில்லை.

விழா மேடையில் தவறாமல் இடம்பெறும் படம் டாக்டர் அப்துல் கலாமுடையது. கனவு காணச் சொன்னவர் அவர் என்பது உண்மை. ஆனால் அவர் வாழ்வை முழுவதும் படித்தவர் மேடையில் எத்தனை பேர்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே விமான வடிவமைப்புப் பணியில் பின்தங்கியபோது, மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று இயக்குநர் சீனிவாசன் கெடு விதித்தார். கலாம் முடித்துக் காட்டினார். விமானியாக வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. டேராடூன் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தனர்; அவர் ஒன்பதாவதாக நின்றார். அந்தக் கனவு அங்கே முடிந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தில் கிடைத்த பணியை ஏற்று 1958-இல் வேறு வழியில் நடக்கத் தொடங்கினார். வளையலையும் கெடுவையும் ஒன்பதாம் இடத்தையும் விட்டுவிட்டுக் கனவை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவருக்கும் நியாயமன்று, பிள்ளைகளுக்கும் நியாயமன்று.

பெற்றோரும் இதில் பங்காளிகளே. மருத்துவர், பொறியாளர் என்னும் இரண்டு சொற்களுக்கு அப்பால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அது நடவாதெனத் தெரிந்ததும், ‘சரி, ஆலைக்குப் போ’ என்று ஒரே தாவலில் அடிப்படிக்கு இறங்கிவிடுகிறோம். இடையே எத்தனையோ படிகள் உள்ளன. ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவன் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்சாலைக்கே போவதானாலும், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு சேர்பவனுக்கு, பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறினால் நாடெங்கும் செல்லும் சான்றிதழ் உண்டு. ஒப்பந்தக்காரரின் கீழ்ப் ‘பயிற்சியாளர்’ என்ற வெறும் பெயரோடு சேர்பவனுக்கு அது இல்லை. இருவரும் ஒரே பேருந்தில் சென்று ஒரே நிறச் சட்டையை அணிந்து நிற்பர். வெளியே வரும்போதுதான் வேற்றுமை புரியும். பழகுநருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் ஆலையைக் கட்டாயப்படுத்தவில்லை. இதையும் முன்னரே தெரிந்துகொண்டு போவது நல்லது.

அரசு தருவதையேனும் நாம் கேட்டுப் பெறுகிறோமா? பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007-இல் வந்தது. அதற்குரிய சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வுக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்வொதுக்கீடு இருந்தும் இல்லாததே. அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உண்டு. கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆலைச் சம்பளத்திற்கு இவை ஈடாகா. ஆனால் ‘படிக்க வைக்க வழியே இல்லை’ என்று சொல்லிவிடவும் முடியாது.

சுவர் நிறையத் தாள் ஒட்ட வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். மூன்றாண்டில் அடைய விரும்புவது ஒன்று. அதைப் பிள்ளையே சொல்லட்டும், அத்தா சொல்ல வேண்டாம். அதன் கீழே இந்த ஆண்டுக்குரியது, இந்த மாதத்திற்குரியது, சான்றிதழ்கள், கடைசித் தேதிகள், ஆகும் செலவு, அதைத் தரப்போகிறவர் யார் என்பன. கடைசியாக ஒரு வரி: இது நடவாவிட்டால் அடுத்தது எது? இந்த வரியை எழுதவிடாமல் ‘அபசகுனமாகப் பேசாதே’ என்று தடுக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. டேராடூனை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இப்பக்கத்தை எழுதிவைத்து மறந்துவிட்டால் அதுவும் சுவர்த்தாள்தான். மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். படித்த பெற்றோர் இல்லாத வீட்டிற்கு அந்த ஆளைத் தருவது மஹல்லா ஜமாஅத்தின் கடமை. ஊருக்குப் பத்துப் பட்டதாரிகளாவது இன்று இல்லையா? ஆளுக்கு மூன்று பிள்ளைகளை ஏற்றுக்கொண்டால் முப்பது பேர். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் சந்தா பாக்கிக்காரர் பட்டியலுக்கு இருக்கும் இடத்தில் பாதி, விண்ணப்பத் தேதிகளுக்குக் கிடைக்காதா?

விழாவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதை ஜூலையிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றுங்கள். முதல் மதிப்பெண் பெற்றவனை அவன் மதிப்பெண்ணே பார்த்துக்கொள்ளும். நானூறு மதிப்பெண்ணோடு பேருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனையும் அவன் உம்மாவையும் அழையுங்கள். பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு கணினியையும் அதை இயக்கத் தெரிந்த இருவரையும் அமர்த்துங்கள். வட்டாட்சியர் அலுவலக நடைமுறை தெரிந்த ஒருவரும் உடன் இருக்கட்டும். அன்று மாலைக்குள் எத்தனை பிள்ளைகளின் சான்றிதழ் விண்ணப்பங்கள் பதிவாயின என்பதை ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். எத்தனை பேர் விடுபட்டனர் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள்.