பிரசாதத்தில் பல்குச்சியும் ஸ்டேப்ளர் ஊசியும் எதற்கு?



அன்னதானத்துல தொண்டு செய்றவன்ங்கிற முறையில கொஞ்சம் காரமாவே எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க.

சுண்டல் பொட்டலத்துக்கு ஸ்டேப்ளர் ஊசி. இலைத் தொன்னை பிரியாம இருக்கப் பல்குச்சி. ஏன்னு கேட்டா, "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல, அம்பாள் பார்த்துக்குவா" என்கிறார்கள். அம்பாள் பார்ப்பாள், சரி. பொட்டலம் கட்டுற நாம பார்க்க வேணாமா?

விழுங்கிய பொருள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிடும், உண்மைதான். ஆனா பல்குச்சி கூரானது. குடலைக் குத்தி ஓட்டை போட்டா, உள்ளே இருக்கிற கிருமி வயிறு முழுக்கப் பரவி சீழ் பிடிக்கும். ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. மரக்குச்சி எக்ஸ்ரேயில சரியா தெரியாது. பல பேருக்கு விழுங்கினதே ஞாபகம் இருக்காது. சாதாரண வயித்துவலின்னு நாளைக் கடத்திடுவாங்க.

இது கட்டுக்கதை இல்ல. ஷெர்வுட் ஆண்டர்சன் பேர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர். தென் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது வயித்துவலி வந்து, 1941 மார்ச் 8-இல் பனாமாவின் கொலோன் நகரில் இறந்தார். வயசு 64. பிரேதப் பரிசோதனையில் கிடைச்சது, அவர் விழுங்கியிருந்த ஒரு பல்குச்சி!

ஸ்டேப்ளர் ஊசியும் லேசுப்பட்டதில்ல. தேயிலைப் பையில் அதைப் போடுறதை நிறுத்தச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-லேயே உத்தரவு போட்டது. தேத்தண்ணிக்கே அந்தக் கவனம்னா, பிரசாதத்துக்கு?

நம்மகிட்ட வாங்கிச் சாப்பிடுறது யாரு? பல்செட் போட்ட தாத்தா பாட்டிங்க. வாயில குச்சி இருந்தாலும் அவங்களுக்குச் சரியா தெரியாது. மெல்லாம விழுங்குற சின்னப் பிள்ளைங்க. ஃபேக்டரியில அடிபட்ட பிறகுதான் மெஷினுக்கு மூடி போடுவேன்னு சொல்றவனை சூப்பர்வைசரா வைப்பாங்களா?

பேப்பரை மடிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. இல்லாட்டி மூடி உள்ள டப்பா வாங்குங்க. செலவுன்னு சொல்லாதீங்க, பூ அலங்காரத்துல ஒரு மாலையைக் குறைச்சா போதும். உபயம் எடுக்கிற குடும்பங்களே, "எங்க உபயத்துல ஊசி, குச்சி வேண்டாம்"னு நிர்வாகத்துக்கிட்ட நீங்க கண்டிப்பா சொன்னா மறுநாளே மாறும்.

யாராவது விழுங்கிட்டா சோத்து உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீங்க. வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க. நேரா மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போய், என்ன விழுங்கினாங்கன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க.

கையேந்தி வாங்குறவங்க நம்மை நம்பித்தான் வாயில வைக்கிறாங்க. அந்த நம்பிக்கையைக் காப்பாத்துறதும் தொண்டுதான். எல்லாருக்கும் பகிருங்கள்.